பிறந்தவுடன் அழவில்லை

குழந்தைகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்வது என் தொழில். என் மேசைக்கு வரும் கோப்புகளில் பல ஒரே வரியில்தான் தொடங்கும்: "பிறந்தவுடன் குழந்தை அழவில்லை." அடுத்த வரி மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். தண்ணீர் குடித்துவிட்டது என்பார்கள், கொடி சுற்றியிருந்தது என்பார்கள், பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்பார்கள். பிறகு அந்தக் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது, பள்ளிக்கும் போனது. வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஒரு டீச்சர், "கெட்டிக்காரன்தான், ஆனால் நேற்று நடத்தியது இன்று இவனிடம் இல்லை" என்று சொல்லி அனுப்பும்போதுதான் அம்மா தயங்கித் தயங்கி அந்த முதல் வரியை எடுத்து வைப்பார். கூடவே, "சின்னக் குழந்தையின் மூளை தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று அப்போது சொன்னார்களே" என்பார்.

அந்த ஆறுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்ட், குட்டிக் குரங்குகளின் மூளையிலும் வளர்ந்த குரங்குகளின் மூளையிலும் உடல் அசைவுக்கான புறணிப் பகுதியை (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) நீக்கிப் பார்த்தார். குட்டிகள் பெரிய குரங்குகளைவிட நன்றாக நடமாடின. இளம் வயதில் அடிபட்டால் பாதிப்பு குறைவு என்னும் "கென்னார்ட் விதி" இப்படித்தான் பிறந்தது. விதி என்று பெயர் வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். சில குட்டிகளுக்கு வளர வளரப் புதிய சிக்கல்கள் தலைகாட்டியதைக் கென்னார்ட் தானே பதிவு செய்திருக்கிறார். கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1940களிலேயே நேர்மாறாக வாதிட்டார்: கட்டி முடிக்கப்படாத மூளையில் விழும் அடி, இனி கட்டப்பட வேண்டியதையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. ஆனாலும் மருத்துவமனை வராந்தாக்களில் செல்லுபடியானது என்னவோ கென்னார்டின் பெயரால் வந்த ஆறுதல்தான். சொல்வதற்கு எளிது, கேட்பவருக்கும் இதம்.

இந்த ஆறுதலை நான் நம்பாமல் போனதற்கு முக்கியக் காரணம் லண்டனில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. ஃபரானே வர்கா-காதெம். ஈரானில் பிறந்தவர். மாண்ட்ரியலில் படித்து, அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்து, 1980களில் லண்டன் வந்தவர். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலும் அதையொட்டிய லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் குழந்தை நல ஆய்வு நிலையத்திலுமாகப் பல பத்தாண்டுகள் அவருடைய வேலை நடந்தது. நரம்பியல் மருத்துவர் நோயைக் கண்டறிவார், அறுவை மருத்துவர் கத்தி எடுப்பார். குழந்தை நரம்பு உளவியலாளரின் வேலை வேறு: அந்த மூளையைத் தலையில் சுமக்கும் குழந்தையால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டுக் கேட்டு அளப்பது. பென்சில், காகிதம், படங்கள், ஸ்டாப்வாட்ச். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளையாட்டு போலத் தெரியும்.

மாண்ட்ரியல் காலத்து நோயாளிகளைக் கொண்டு 1985-இல் அவர் சகாக்களோடு எழுதிய கட்டுரை, மூளையின் ஒரு பக்கம் மட்டும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றியது. இடது பக்கம் அடிபட்டால் பேச்சு போகும் என்பது பெரியவர்களைப் பார்த்து எழுதப்பட்ட பாடம். குழந்தைகளிடம் வலது பக்கம் பேச்சை எடுத்துக்கொள்வது உண்மைதான். பெரியவர்களைப் போல ஒரேயடியாகப் பேச்சிழந்து அவர்கள் நிற்பதில்லை. ஆனால் நுணுக்கமாகச் சோதித்தால், எந்த வயதில் அடிபட்டிருந்தாலும் இடது பக்கப் பாதிப்பு மொழியில் ஒரு குறையை விட்டுத்தான் போயிருந்தது. இன்னொரு விலையும் உண்டு. மொழிக்கு இடம் கொடுத்த வலது பக்கம், தன் சொந்த வேலையான வடிவங்களையும் இடங்களையும் புரிந்துகொள்ளும் திறனைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டுக் குடும்பத்தில் விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு வீட்டுப் பிள்ளை கூடத்தில் பாய் போட்டுப் படுப்பது போல.

அவர் பெயர் ஆய்வுலகத்துக்கு வெளியிலும் தெரிய வந்தது ஒரு சண்டையால். லண்டனில் ஒரு குடும்பம், ஆய்வேடுகளில் 'கே.இ.' என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படுவது. மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ஒரே ஒரு மரபணு தலைமுறை தலைமுறையாக இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படியே கணக்குப் பொருந்தியது. 1990-இல் மிர்னா காப்னிக் என்ற மொழியியலாளர் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார்: இவர்களுக்குப் பன்மை, காலம் போன்ற இலக்கணக் கூறுகளே பிடிபடவில்லை என்று. பத்திரிகைகள் விடுமா? "இலக்கண மரபணு" கிடைத்துவிட்டது என்று கொண்டாடின. இலக்கணம் மனிதனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது வெல்லக்கட்டி.

அதே ஆண்டு அதே இதழில் வர்கா-காதெமும் ரிச்சர்ட் பாசிங்ஹாமும் மறுப்பு எழுதினார்கள். இந்த மறுப்பில்தான் எனக்கு அவருடைய குணம் முழுதாகத் தெரிகிறது. கொள்கையோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. குடும்பத்தாரை உட்கார வைத்து இன்னும் நிறையச் சோதித்தார், அவ்வளவுதான். 1995-இல் விரிவான முடிவுகள் வந்தன. இலக்கணத்தில் மட்டுமா குறை? பொருளில்லாத சொற்களைத் திரும்பச் சொல்லச் சொன்னால் அவர்களால் முடியவில்லை. வாயையும் முகத்தையும் சொன்னபடி, சொன்ன வரிசையில் அசைக்கச் சொன்னால் தடுமாறினார்கள். பேச்சே தேவைப்படாத சோதனைகளிலும் பாதிக்கப்பட்டவர்களின் சராசரி, பாதிக்கப்படாத உறவினர்களைவிடக் கீழே இருந்தது. நாக்கும் உதடும் தாடையும் நொடிக்கு நொடி ஒத்திசைந்து இயங்குவதில்தான் சிக்கலின் வேர். இலக்கணப் பிழைகள் அந்தப் பெரிய படத்தின் ஒரு மூலை.

பிறகு நடந்தது மரபியலின் பெரிய கதை. ஆக்ஸ்ஃபோர்டில் சைமன் ஃபிஷர், ஆந்தனி மொனாக்கோ குழுவினர் 1998-இல் சிக்கல் ஏழாம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார்கள். குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு சிறுவனுக்கு அதே இடத்தில் குரோமோசோம் உடைந்திருந்தது தேடலைச் சுருக்கியது. 2001-இல் மரபணு பிடிபட்டது: ஃபாக்ஸ்பி2. மனிதனுக்கு மட்டும் உரியது அல்ல. எலிக்கும் பறவைக்கும் உண்டு. மற்ற மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் செய்கிற ஒன்று. "இலக்கண மரபணு" என்ற கொண்டாட்டம் அத்துடன் ஓய்ந்திருக்க வேண்டும். இன்றும் யூடியூபில் யாராவது அதை உயிர்ப்பித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்த ஆய்வுக் கூட்டணியில் ஒரு நரம்பு உளவியலாளருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். யாருக்குப் பாதிப்பு, யாருக்கு இல்லை என்று தவறில்லாமல் பிரித்துக் கொடுக்காவிட்டால் மரபணுவைத் தேடுபவர் எந்தக் குரோமோசோமில் தேடுவார்? ஒருவரைத் தவறான பக்கத்தில் உட்கார வைத்தாலும் கணக்கு குழம்பிவிடும். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "கன்னத்தை உப்பு, உதட்டை மூடு" என்று சொல்லிப் பார்ப்பதில் இருக்கிறது அந்தக் கண்டுபிடிப்பின் அடித்தளம். ஆய்வகத்தின் பளபளப்பு இதற்கு இல்லை.

இதற்கு நடுவில் அலெக்ஸ். ஆய்வுக் கட்டுரையில் அவனுக்கு இடப்பட்ட பெயர் அது. ஸ்டர்ஜ்-வெபர் என்ற பிறவி நோயால் மூளையின் இடது பாதி பழுதான சிறுவன். எட்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. மற்றவர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் அளவிலேயே நின்றிருந்தது. வலிப்பை நிறுத்துவதற்காக எட்டரை வயதில் இடது பாதியின் புறணியை அறுவை சிகிச்சையில் நீக்கினார்கள். ஒன்பது வயதைக் கடந்தபின் வலிப்பு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. அவன் பேசத் தொடங்கினான். தெளிவான உச்சரிப்பு, ஒழுங்கான வாக்கியங்கள். 1997-இல் வெளியான அந்தக் கட்டுரையின்படி, பதினைந்து வயதுவாக்கில் அவனுடைய மொழித்திறன் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைக்குச் சமமாக எட்டியிருந்தது. ஐந்து, ஆறு வயதுக்குள் பேசாவிட்டால் கதவு மூடிவிடும் என்று அடித்துச் சொல்பவர்களை இந்தச் சிறுவன் திகைக்க வைத்தான். பழுதான பாதி சும்மா இருக்கவில்லை. வலிப்பலைகளால் நல்ல பாதியையும் அமுக்கி வைத்திருந்தது என்பது ஒரு விளக்கம். ஆக, "தானாகச் சரியாகும்" என்பதையும் நம்ப முடியாது, "இனி முடியாது" என்பதையும் நம்ப முடியாது. பெற்றோரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் என் அன்றாடப் பாடு.

ஆனால் என் மேசைக்கு மிக நெருக்கமானது அதே 1997-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னொரு கட்டுரை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் எச்.எம். என்ற அமெரிக்கரைத் தெரிந்திருக்க வேண்டும். 1953-இல் வலிப்புக்காக அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றிய பகுதிகளும் நீக்கப்பட்டன. காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் சின்னஞ்சிறு உறுப்பு அது. அன்று முதல் எச்.எம்.முக்குப் புதிதாக நடந்தது எதுவும் நினைவில் தங்கவில்லை. மாண்ட்ரியலின் பிரெண்டா மில்னர் அவரைப் பல ஆண்டுகள் சோதித்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. எச்.எம். அப்போது வளர்ந்த மனிதர். மொழியையும் உலக அறிவையும் முன்பே சேர்த்து வைத்திருந்தார்.

இதே இடத்தில் பிறக்கும்போதே அடிபட்டால்? தர்க்கப்படி பார்த்தால் அந்தக் குழந்தை எதையுமே கற்க முடியாது. சொல் தங்காது, எழுத்து தங்காது, பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வர்கா-காதெமிடம் வந்த மூவர் அந்தத் தர்க்கத்தைக் கவிழ்த்தார்கள். கட்டுரை அவர்களை பெத், ஜான், கேட் என்று அழைக்கிறது. பெத்துக்குப் பிறக்கும்போதே மூச்சு நின்றது. ஜான் குறைமாதத்தில் பிறந்தவர். நான்கு வயதில் நீண்ட வலிப்பும் வந்தது. கேட்டுக்கு ஒன்பது வயதில் ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின் அளவுக்கு மீறி உடலில் ஏறிவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் டேவிட் கேடியன் குழுவினர் அளந்தபோது மூவருக்கும் இரு பக்க ஹிப்போகாம்பஸும் இயல்பான அளவில் ஏறத்தாழப் பாதிக்குச் சுருங்கியிருந்தது. மூளையின் மற்ற பகுதிகளைவிட அது ஆக்சிஜன் பற்றாக்குறையை முதலில் உணரும், அதிகமாகவும் இழக்கும்.

மூவருக்கும் நேற்று இல்லை. காலையில் என்ன நடந்தது, யார் வந்து போனார்கள், தொலைபேசியில் என்ன பேசினார்கள், பொருளை எங்கே வைத்தார்கள், தெரிந்த தெருவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இன்று என்ன கிழமை — எதுவும் நிற்கவில்லை. தனியே விட்டுவிட்டுப் போகவே பெற்றோர் அஞ்சினார்கள். ஆனால் மூவரும் சாதாரணப் பள்ளியில் படித்தார்கள்! வாசித்தார்கள், எழுதினார்கள், சொற்களுக்குப் பொருள் சொன்னார்கள், நாடுகளையும் தலைநகரங்களையும் தெரிந்து வைத்திருந்தார்கள். நுண்ணறிவுச் சோதனையில் சராசரியை ஒட்டியே மதிப்பெண்கள். தன் வாழ்வில் நடந்தவற்றின் நினைவு, உலகைப் பற்றிய அறிவு என்று நினைவை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் எண்டல் டல்விங்; 1972-இல். அந்தப் பிரிவு இந்த மூவரிடம் உயிரோடு நடமாடியது. வர்கா-காதெமும் மார்ட்டிமர் மிஷ்கினும் தந்த விளக்கம்: ஹிப்போகாம்பஸைச் சுற்றியுள்ள புறணி தப்பித்திருந்தால், அறிவைச் சேர்க்க அதுவே போதும், நிகழ்ச்சிகளைச் சேர்க்கத்தான் ஹிப்போகாம்பஸ் வேண்டும். இந்த நிலைக்கு வளர்ச்சிக்கால மறதி என்று பெயர் நிலைத்தது.

லாரி ஸ்குவயர் போன்ற பெரிய நினைவு ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. மிச்சமிருக்கும் கொஞ்ச நிகழ்வு நினைவை வைத்தே, ஆண்டுக்கணக்கான பயிற்சியால் அறிவைச் சேர்த்திருக்கலாமே என்றார்கள். நல்ல கேள்விதான். பதில் தேடப் பல ஆய்வகங்கள் ஜானை அழைத்தன. நினைவு ஆய்வாளர் ஆலன் பேட்லியோடு சேர்ந்து வர்கா-காதெம் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரம் துலங்கியது. முன்பு காட்டிய சொல்லையோ படத்தையோ மற்றவற்றோடு கலந்து வைத்து, "இதில் எதைப் பார்த்தாய்?" என்று கேட்டால் ஜான் ஏறத்தாழ எல்லோரையும் போலவே பதில் சொன்னார். "என்ன பார்த்தாய், நீயே சொல்" என்றால் வரவில்லை. அதே ஆண்டு, பின்னாளில் நோபல் பெற்ற ஜான் ஓ'கீஃபும் இடம்பெற்ற குழு, கணினியில் கட்டிய கற்பனை ஊருக்குள் அவரை நடக்கவிட்டது. வழியில் சில மனிதர்கள் பொருள்கள் கொடுத்தார்கள். எந்தப் பொருள் என்று அடையாளம் காட்ட அவரால் முடிந்தது. யார் கொடுத்தார், எங்கே கொடுத்தார் என்று கேட்டபோது தடுமாறினார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் வினாத்தாள்தான் கண்முன் வந்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களில் வெளுத்து வாங்கிவிட்டு, குறுவினாவில் தள்ளாடி, நெடுவினாப் பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டு வரும் பிள்ளைகளை எத்தனை ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்? "படிக்கிறான், எழுதச் சோம்பல்" என்று ரேங்க் கார்டில் எழுதிவிடுவது சுலபம். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்குக் காரணம் வேறாகத்தான் இருக்கும். ஆனால் கோப்பின் முதல் வரி "பிறந்தவுடன் அழவில்லை" என்றிருந்து, விடைத்தாளும் இப்படி இருந்தால், சோம்பல் என்று எழுதுவதற்கு முன் பேனாவை மூடி வைக்கலாம்.

எங்கள் தொழிலின் மேல் எனக்கிருக்கும் குறையும் இங்கேதான். நம்மிடம் புழங்கும் நுண்ணறிவுச் சோதனைகள் — பினே-காமத், மாலின் அளவுகோல் — ஒரு எண்ணைத் தருகின்றன. பெற்றோர் கேட்பதும் அந்த எண்ணைத்தான், பள்ளி கேட்பதும் அதைத்தான், சான்றிதழ் வழங்கும் குழு முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான். வளர்ச்சிக்கால மறதி உள்ள குழந்தைக்கு அந்த எண் சராசரியாகவே வரும். ஏனென்றால் சோதனை கேட்பது சொற்களின் பொருளையும் பொது அறிவையும் புதிர் அவிழ்ப்பதையும். உடனுக்குடன் திரும்பச் சொல்ல வேண்டிய எண்களும் அந்த நொடியோடு முடிந்துவிடுகின்றன. ஒரு கதையைச் சொல்லிவிட்டு, நடுவில் வேறு வேலை கொடுத்து, முக்கால் மணி நேரம் கழித்து "அந்தக் கதை என்ன?" என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். அவசர அவசரமாக நடக்கும் மதிப்பீட்டில் அந்த முக்கால் மணி நேரம் யாரிடம் இருக்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. இந்த மறதிக்கு அதில் தனிப் பெயர் கிடையாது. அறிவுத்திறன் குறைபாட்டிலும் சேராது, கற்றல் குறைபாட்டிலும் முழுதாகப் பொருந்தாது. அறிக்கையை எழுதும் நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் இது எண்ணால் தொடங்கவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. பெற்றோர் அடுக்கிய புகார்களில் தொடங்கியது: பையை விட்டுவிட்டு வருகிறாள், சொல்லி அனுப்பியதை மறந்துவிடுகிறான், விடுமுறைக்குப் போய் வந்ததே தெரியவில்லை. மதிப்பெண் சராசரி என்று கோப்பை மூடியிருந்தால் அங்கேயும் அது முடிந்திருக்கும். அம்மா சொல்வதற்கும் எண் சொல்வதற்கும் பொருந்தாதபோது அம்மாவை நம்பி, அடுத்த சோதனையை எடுத்து வைத்தார்கள். நினைவாற்றல் சோதனைகளில்கூட ஆய்வகத்துச் சொற்பட்டியலோடு நிற்காமல், ஒரு பொருளை ஒளித்து வைத்துப் பிறகு கேட்டுப் பெறு, ஒரு சேதியைப் போய்ச் சொல் என்று அன்றாட வேலைகளாகவே அமைந்த ரிவர்மீட் சோதனையைப் பயன்படுத்தினார்கள். பின்னர் எலிசபெத் ஐசக்ஸ் முதலியோருடன் செய்த ஆய்வுகளில், ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் சுருங்கினாலே இந்த மறதி தலைகாட்டலாம் என்று தெரிந்தது. மிகக் குறைமாதத்தில் பிறந்து, நன்றாகத் தேறிவிட்டதாகக் கருதப்பட்ட பதின்வயதினரிடமும் சிறுத்த ஹிப்போகாம்பஸும் அன்றாட மறதியும் சேர்ந்தே காணப்பட்டன.

சிகிச்சை என்று மருந்து எதுவும் இல்லை. செய்யக்கூடியவை எல்லாம் எளிமையானவை: நாள் முழுவதும் மாறாத ஒழுங்கு, கைப்பேசியில் அலாரம், பைக்குள் ஒரு குறிப்பேடு, ஒரே தகவலைப் பல சூழலில் திரும்பத் திரும்பக் காட்டுவது, நெடுவினாவுக்குப் பதில் தேர்ந்தெடுக்கும் வினா. இதில் கடைசி ஒன்றைப் பள்ளிகளிடம் கேட்டு வாங்குவதுதான் மிகக் கடினம்.

நம் பக்கத்தில் இந்தக் குழந்தைகள் ஏன் அதிகம் கவனிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். பிறக்கும்போது மூச்சு முட்டிய குழந்தையின் உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்கு 72 மணி நேரம் குளிர்வித்தால் மூளை தப்பும் என்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளைச் சேர்த்து அதைச் சோதித்தார்கள். அந்த ஆய்வுக்கு ஹீலிக்ஸ் என்று பெயர். முடிவு 2021-இல் வந்தது. இறப்பையும், மிதமான அல்லது கடும் ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தால் குளிர்வித்த குழுவில் 50 சதவீதம், குளிர்விக்காத குழுவில் 47. இறப்பை மட்டும் பார்த்தால் 42, 31. அதாவது லண்டனில் காப்பாற்றியது இங்கே காப்பாற்றவில்லை. உயிரிழப்பு கூடவே செய்தது. இந்த ஆய்வு குழந்தைகளை மதிப்பிட்டது ஏறத்தாழ ஒன்றரை வயதில். நடக்கிறதா, பார்க்கிறதா, கேட்கிறதா, சொன்னது புரிகிறதா என்பதை அந்த வயதில் அளக்கலாம். நேற்று நடந்ததைச் சொல்ல முடிகிறதா என்பதை அளக்க முடியாது. பெத்தின் மறதியை வீட்டார் கவனித்ததே அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு.

ஹீலிக்ஸில் சேர்க்கப்பட்டுப் பிழைத்த குழந்தைகள் இப்போது பள்ளி வயதை எட்டியிருக்கிறார்கள். எந்த ஆய்விலும் சேராமல், மாவட்ட மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து நேரே வீட்டுக்குப் போனவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் கழுத்து நிற்பதையும் கால் ஊன்றுவதையும் கவனமாகப் பார்க்கின்றன. பிள்ளை நடந்துவிட்டால் பெற்றோரும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஏழு, எட்டு வயதில் ஒருமுறை திரும்ப அழைத்து, ஒரு கதையைச் சொல்லி, ஒரு படத்தை வரையச் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி கேட்டால் போதும். அதற்கு எம்.ஆர்.ஐ. கருவி தேவையில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், அந்த முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சம்மதிக்கும் ஒரு ஆள்.